கெலிஓயாவின் சிவப்புப் புள்ளி

786
மடவளை
12 ஜனவரி 1936

அன்புத் தங்கச்சி சித்தி றலியாவுக்கு நானா உதுமா லெப்பையின் ஸலாம்.

நானும் உன் மதினி ஹிதாயாவும் இறைவன் காவலில் சுகம். என் முழங்கால் மட்டும் மழைக்கு முதல் நாளே மழையைச் சொல்லிவிடுகிறது. உன் இருமல் விட்டதா? உன் மகள், என் மருமகள் றம்லத்துக்குக் கெலிஓயாவிலேயே மாப்பிள்ளை பேசியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். எனக்கு நீ எழுதவில்லை. அது கிடக்கட்டும்.

இப்போது எழுதுவது வேறு காரியம். கண்டி மிருக வைத்தியக் கந்தோருக்குப் புதிதாக நவரட்ணராஜா என்று ஒரு யாழ்ப்பாணத்துப் பிள்ளை வந்திருக்கிறார். போன வாரம் என் வீட்டுக்கே வந்தார். எல்லாரும் கிழவனின் பைத்தியம் என்று சிரிக்கும் என் படத்தைப் பார்க்கத்தான் வந்தார். நான்கு பெரிய தாள்களை ஒட்டி, மகாவலியையும் வண்டிப் பாதைகளையும் வரைந்து, மழை பிடித்த நாளை நீலத்தாலும் மாடு செத்த நாளைச் சிவப்பாலும் குறித்திருக்கிறேன் அல்லவா, அதை. கதிரையைக் கொடுத்தேன், உட்காரவில்லை. ஒரு மணித்தியாலம் குனிந்து பார்த்தார்.

"ஐயா, இதை ஆர் உங்களுக்குப் படிப்பிச்சது?"

"ஒருத்தருமில்லை."

"மழை அளக்கிறதுக்கு என்ன வைச்சிருக்கிறியள்?"

தகர டின்னையும் அடிமட்டத்தையும் காட்டினேன். முப்பத்தொரு வருஷத்து மழைக் கணக்குக் கொப்பிகளையும் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை.

1923இல் மாடுகளுக்கு வந்த தொண்டை அடைப்பான் நோயைப் பற்றி அவர் ஒரு அறிக்கை எழுதப் போகிறார். உனக்குத் தெரியும், அந்த வருஷம் கெலிஓயாச் சந்தையில் என்னை நிறுத்தி வைத்து, மடவளை உதுமா லெப்பையின் வண்டி மாடுகள்தான் இந்த நோயைக் கொண்டுவந்தன என்று கந்தோர் அதிகாரி வாசித்தான். உன் அயல்வீட்டுக் காளிமுத்து தன் மாட்டுச் சோடி செத்த ஆத்திரத்தில் அதையே கத்தினான். என்னை ஒரு கேள்வி கேட்டார்களா? என் வண்டிகளை ஒரு பருவம் முழுக்க நிறுத்தினார்கள். அந்த இடைவெளியில் லொறி வந்தது. வாப்பா காலத்திலிருந்து நாம் ஏறிய கடுகண்ணாவை மேட்டில் இன்றைக்கு நம் வண்டி ஒன்றும் இல்லை.

நோய் வந்தது மழையோடு. என் மாட்டோடு அல்ல. அதை நிரூபித்துவிட்டுத்தான் கெலிஓயா மண்ணை மிதிப்பேன் என்று அன்றைக்குச் சொன்னேன். இன்றும் அதுதான்.

படத்தில் கெலிஓயா மட்டும் வெறுமையாக இருக்கிறது. எனக்கு மூன்று பதில் வேண்டும். ஒன்று, அந்த வருஷம் அங்கே பெருமழை பிடித்த நாள். இரண்டு, உன் வீட்டிலும் அயலிலும் மாடு செத்த நாட்கள். மூன்று, அந்த மாதத்தில் வெளியிலிருந்து ஏதாவது மாடு உங்கள் பக்கம் வந்ததா. வழக்கம்போல அறபு எழுத்தில், நம் அறபுத் தமிழிலேயே எழுது. அவருக்கு அது வாசிக்கத் தெரியாது. நான் பெயர்த்துக் கொடுப்பேன்.

எல்லாருக்கும் ஸலாம் சொல்லு.

உன் நானா,
உதுமா லெப்பை

•

786
கெலிஓயா
2 பிப்ரவரி 1936

மதிப்புக்குரிய நானாவுக்குத் தங்கச்சியின் ஸலாம். மதினிக்கும் சொல்லவும்.

இருமல் குறைவு. மிளகுக் கசாயம் குடிக்கிறேன். றம்லத்தின் விஷயம் போன கிழமைதான் முடிவானது. மாப்பிள்ளை பாயிஸ், கம்பளை வீதியில் துணிக்கடை. உங்களுக்குச் சொல்லாமல் யாருக்குச் சொல்லப் போகிறேன்? நிக்காஹ் ஜூலையில்.

நீங்கள் கேட்ட நாட்களை இங்கிலீஷ் தேதியில் எனக்குச் சொல்லத் தெரியாது. முகைதீன் ஆண்டவர் கந்தூரி விருந்து அந்த வருஷம் நல்ல வெயிலில் நடந்தது. பந்தலுக்கு மேல் ஓலைகூடப் போடவில்லை. கந்தூரி முடிந்து ஏழாம் நாள் மழை பிடித்தது. அப்படிப் பிடித்த மழையை அதற்குப் பிறகு நான் காணவில்லை. பதின்மூன்றாம் நாள் காளிமுத்துவின் சோடியில் ஒன்று போனது. அடுத்த நாள் மற்றது. அதற்குப் பிறகு ஆற்றோரத்தில் ஐந்தாறு எருமை. நம்முடைய மாடு எதுவும் சாகவில்லை.

நாம் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது மழை வயலைக் கடந்து வருவதைப் பார்த்து நின்றது ஞாபகம் இருக்கிறதா நானா? தெல்தெனியாப் பக்கமிருந்து வெள்ளைத் துணி மாதிரி வரும். நம் காலடியில் புழுதி, நூறு முழத்துக்கு அப்பால் மழை. "ஓடுடி, பிடிக்கப் போகுது" என்று நீங்கள் என் கையைப் பிடித்து இழுப்பீர்கள். ஒரு நாளாவது நாம் நனையாமல் வீட்டுக்குப் போயிருக்கிறோமா?

படம் கிடக்கட்டும். கலியாணத்துக்கு வாருங்கள்.

தங்கச்சி,
சித்தி றலியா

•

786
மடவளை
10 பிப்ரவரி 1936

தங்கச்சிக்கு ஸலாம். நாங்கள் சுகம். உங்கள் சுகத்துக்கு துஆ.

உன் கடிதம் கிடைத்த அன்றே பழைய கலண்டரை எடுத்தேன். கந்தூரி 1923 நவம்பர் 21. ஆகவே உங்கள் மழை 28. காளிமுத்துவின் மாடு டிசம்பர் 4. இடையில் ஆறு நாள்.

நீயே பார். மடவளையில் மழை நவம்பர் 8, முதல் சாவு 14. கட்டுகஸ்தோட்டையில் 12, 17. மஹய்யாவ வண்டித் தரிப்பில் 19, 24. பேராதனையில் 25, 30. எல்லா இடத்திலும் ஐந்து நாள் அல்லது ஆறு நாள். மழை கிழக்கிலிருந்து நடந்து வந்தது, நோய் அதன் பின்னால் வந்தது. நீ எழுதினாயே, வயலைக் கடந்து வரும் மழை. அதைத்தான் நான் நாற்பது வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மழைக்குக் கால் இருக்கிறது என்று அன்றைக்கே எனக்குத் தெரியும். கந்தோரில் படித்தவர்களுக்குத்தான் தெரியவில்லை.

நேற்று நவரட்ணராஜா வந்து கெலிஓயாவில் நீலம் பூசியதைப் பார்த்தார். "ஐயா, இது சும்மா விஷயம் இல்லை" என்றார். மே மாதம் கொழும்பிலிருந்து பெரியவர்கள் வருகிறார்களாம். அவர்கள் முன்னால் படத்தை விரிக்கப் போகிறாராம். 1923இல் எழுதியது பிழை என்று கந்தோரிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வாங்கித் தருவதாகச் சொன்னார். அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சந்தை வழியாகவே உன் வீட்டுக்கு வருவேன். றம்லத்தின் கலியாணத்தில் முதல் கதிரை எனக்கு.

மூன்றாவது கேள்விக்கு நீ பதில் எழுதவில்லை. மறந்திருப்பாய். உடனே எழுது.

நானா

•

786
கெலிஓயா
20 மார்ச் 1936

நானாவுக்கு ஸலாம். ஹஜ்ஜுப் பெருநாள் நல்லபடி முடிந்ததா? மதினி அனுப்பிய தொதல் வந்து சேர்ந்தது. றம்லத் ஒருத்தியே பாதியைத் தின்றுவிட்டாள்.

பதில் பிந்திவிட்டது. தையல்காரன், பந்தல்காரன் என்று வீட்டில் ஓயாத வேலை. காளிமுத்து போன கிழமை வேலிக்கு அப்பால் நின்று, "நானா கலியாணத்துக்கு வருவாரா உம்மா?" என்று கேட்டார். வருவார் என்றேன். "வந்தா நல்லதுதான், வயசாயிருச்சு ரெண்டு பேருக்கும்" என்றார். புதுச் சோடி ஒன்று வாங்கியிருக்கிறார். நல்ல வெள்ளை மாடுகள்.

கடிதம் இல்லாமலே வரக் கூடாதா? நீங்கள் வந்தால் எங்களுக்குப் போதும்.

தங்கச்சி

•

786
மடவளை
28 மார்ச் 1936

தங்கச்சிக்கு ஸலாம். இங்கே சுகம்.

காளிமுத்துவின் நலம் விசாரிப்பை எனக்கு எழுத வேண்டாம். சந்தையில் அத்தனை பேர் நடுவில், "மடவளை மாடு வந்துதான் எங்க மாடு செத்துச்சு" என்று விரலை நீட்டினவன் அவன். "என் மாடு ஒன்றாவது அந்த மாதம் பேராதனைச் சந்தியைத் தாண்டி இந்தப் பக்கம் வந்திருந்தால் என் கையை வெட்டு" என்று நான் சொன்னதும் உனக்குத் தெரியும். உன் புருஷன் மீராசாகிப் மச்சான், அல்லாஹ் அவருக்கு ரஹ்மத்துச் செய்வானாக, அன்றைக்கு என் பக்கத்தில்தான் நின்றார். ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவும் என் மனதில் இருக்கிறது.

வெளி மாடு வந்ததா என்ற பத்தியை நவரட்ணராஜா திரும்பத் திரும்பக் கேட்டார். நீ எழுதாததால் நானே "இல்லை" என்று எழுதிக் கையெழுத்து வைத்துவிட்டேன்.

அவருடைய யோசனையைக் கேள். "மழைதான் காரணம் எண்டால், ஐயா, வீதியில மாட்டை மறிச்சு வைக்கிறதில என்ன பிரயோசனம்? மழை மானியைப் பார்த்து, பெய்யப் போற ஊருக்கு முதலே ஊசியோட போகலாம்" என்கிறார். இனி வரும் தொண்டை அடைப்பானுக்கு வீதித் தடையே இருக்காது. என்னைப் போல இன்னொரு வண்டிக்காரனை யாரும் நிறுத்தி வைக்க மாட்டார்கள். பன்னிரண்டு வருஷம் பொறுத்ததற்கு இது போதும்.

நானா

•

786
கெலிஓயா
19 ஏப்ரல் 1936

நானாவுக்கு, அல்லாஹ்வின் சாந்தி உங்கள்மேல் இருக்கட்டும். இதைத் தனியாக இருந்து வாசியுங்கள். நான் எழுதும் எழுத்தை நீங்கள் ஒருவர்தான் வாசிக்க முடியும் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

மூன்றாவது கேள்வியை நான் மறக்கவில்லை. அந்த மாதம் ஒரு மாடு வந்தது. உங்கள் வீட்டிலிருந்து.

மதினி காய்ச்சலில் கிடந்தபோது முகைதீன் ஆண்டவர் பெயரில் நீங்கள் நேர்ந்துவிட்ட சிவலைக் காளை. கந்தூரிக்காக றம்லத்தின் வாப்பா வந்து ஓட்டிக்கொண்டு வந்தாரே. நேர்ந்த மாட்டை யாரும் தன் மாடு என்று சொல்வதில்லை. அதனால்தான் உங்கள் கணக்கிலும் அது இல்லை, என் கணக்கிலும் இல்லை. "நம்முடைய மாடு எதுவும் சாகவில்லை" என்று நான் எழுதியதும் அப்படித்தான். பொய் எழுதவில்லை என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அது இரண்டு நாள் நடந்து கந்தூரிக்கு நான்கு நாள் முன்னால் இங்கே வந்தது. காளிமுத்துவின் மாடுகள் தண்ணீர் குடிக்கும் ஓடையில்தான் அதுவும் குடித்தது. மூன்றாம் நாள் பின்னேரம் கழுத்து வீங்கி, நாக்கு வெளியே வந்துவிட்டது. அடுத்த நாள் காலையில் செத்தது. கந்தூரிக்கு முதல் நாள். வானத்தில் ஒரு மேகம் இல்லை நானா.

இவர் அதைப் பலாமரத்துக்கு அப்பால் ஆழமாகப் புதைத்துச் சுண்ணாம்பு போட்டார். அன்றைக்கே சந்தையில் வேறு காளை வாங்கி, உங்கள் நேர்ச்சையை நிறைவேற்றினார். உங்களுக்குச் சொல்ல வேண்டாம் என்றார். நேர்ச்சை மாடு செத்தது என்று கேட்டால் மதினி அந்தப் பயத்திலேயே போய்விடுவாள் என்று நினைத்தோம். பிறகு மதினி எழும்பிவிட்டாள். சொல்லலாம் என்று இருந்தோம். அதற்குள் நீங்கள் சந்தையில் கையை வெட்டு என்று சொல்லிவிட்டீர்கள். அத்தனை பேர் முன்னால் உங்களைப் பொய்யனாக்க இவரால் முடியவில்லை. பக்கத்தில் நின்று பேசாமல் இருந்ததற்குக் காரணம் அதுதான். சாகும்வரை அதை நினைத்து வருந்தினார்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்தால் உங்களுக்குக் கடிதம் கிடைக்கும், நீங்கள் கலியாணத்துக்கு வருவீர்கள். இரண்டு மாதம் அந்த ஆசையில்தான் இருந்தேன். ஆனால் வீதித் தடையை எடுக்கப் போகிறார்கள் என்று எழுதினீர்கள். வேலிக்கு அப்பால் அந்த வெள்ளைச் சோடி நிற்கிறது. தினமும் பார்க்கிறேன்.

இனி உங்கள் விருப்பம். இந்தக் கடிதத்தை நீங்கள் எரித்தாலும் நான் யாரிடமும் பேச மாட்டேன்.

தங்கச்சி,
சித்தி றலியா

•

786
கெலிஓயா
10 மே 1936

நானாவுக்கு ஸலாம். மூன்று கிழமை ஆகிவிட்டது. சுகமாக இருக்கிறீர்களா என்று ஒரு வரி போதும். மதினி யாரிடமாவது சொல்லியனுப்பினாலும் போதும்.

தங்கச்சி

•

786
கெலிஓயா
3 ஜூன் 1936

நானாவுக்கு ஸலாம்.

மடவளைப் பக்கம் போய் வந்த ஒருவரிடம் விசாரித்தேன். "கிழவர் நல்லா இருக்கார், டின்னைப் பாத்துக்கிட்டு முத்தத்துல நிக்கிறார்" என்றார். அல்ஹம்துலில்லாஹ்.

நிக்காஹ் ஜூலை 12, ஞாயிற்றுக்கிழமை. இதையே அழைப்பாக ஏற்றுக்கொள்ளுங்கள். "மாமா வருவாரா?" என்று றம்லத் கேட்கிறாள். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தங்கச்சி

•

786
மடவளை
21 ஜூன் 1936

தங்கச்சி சித்தி றலியாவுக்கு ஸலாம். நாங்கள் உயிரோடு இருக்கிறோம். உன் இருமலுக்கு மிளகு மட்டும் போதாது, சித்தரத்தையும் சேர்.

உன் கடிதம் வந்த அன்று அதை எரிக்கத்தான் அடுப்படிக்குக் கொண்டு போனேன். உன் மதினி அங்கே இருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் பிடுங்கி வாசித்துவிட்டாள். அவளுக்கும் அந்த எழுத்துத் தெரியும் என்பதை நீ மறந்துவிட்டாய். வாசித்துவிட்டு, "பாவம் அந்த மனுஷன், ஒரே நாளில ஒரு மாட்டப் பொதச்சு இன்னொரு மாட்ட வாங்கி, எனக்காக எவ்வளவு ஓடியிருக்கார்" என்று அழுதாள். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க அவர் மௌத்தாகுற மட்டும் மூணு வருஷம் அவரோட பேசல்ல, மய்யித்தோடகூடப் பேசல்ல" என்றாள். அது சரியான பேச்சு இல்லை, செத்த உடம்போடு யார் பேசுவார்கள்? ஆனால் அவள் சொன்னது எனக்கு விளங்கியது.

பத்து நாள் நான் படத்தைத் தொடவில்லை. நேர்ந்த மாடு என் மாடு அல்ல என்று எனக்கு நானே வாதாடினேன். மார்க்கப்படி அது சரிதான், இப்போதும் சொல்வேன். ஆனால் மழைக்கு எட்டு நாள் முன்னால் அது அங்கே செத்தது. அந்த எட்டு நாளை எந்தப் பக்கம் திருப்பினாலும் அது எட்டு நாளாகவே இருந்தது.

பிறகு உன் கடிதத்தை நல்ல தமிழில் முழுதாகப் பெயர்த்து எழுதினேன். ஒரு சொல் விடவில்லை. படத்தோடு கண்டிக்குப் போய் அதை நவரட்ணராஜாவின் மேசையில் வைத்தேன். வாசித்துவிட்டு எழுந்து கதவைச் சாத்தினார்.

"ஐயா, கொழும்பாக்கள் நாளையிண்டைக்கு வருகினம். ஒரு மாடுதானே. இதை நான் காணேல்லை எண்டு வைப்பமே? உங்கட கடிதமும் கைக்கு வந்திடும்."

நல்ல பிள்ளைதான். என்மேல் உள்ள இரக்கத்தில் சொன்னார்.

"தம்பி, அன்றைக்கு என்னைக் கேட்காமல் பிழையாக எழுதினார்கள் என்றுதான் நான் பன்னிரண்டு வருஷமாகச் சண்டை பிடிக்கிறேன். இப்போது என்னைக் கேட்டுவிட்டுப் பிழையாக எழுதப் பார்க்கிறீர்களா?" என்றேன்.

அவர் தலை குனிந்தார். அவருடைய பேனையை வாங்கி, கெலிஓயாவில் நானே இன்னொரு சிவப்புப் புள்ளி வைத்தேன். நவம்பர் 20. மடவளையிலிருந்து அதற்கு ஒரு கோடு இழுத்து, "உதுமா லெப்பையின் காளை, நேர்ச்சை" என்று எழுதினேன். இரண்டு பேரும் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். நோயைக் காளை காலால் கொண்டுபோனது, அது ஓடைக்கரையில் கிடந்தது, மழை வந்து எழுப்பியது என்று கடைசியில் அவர்தான் சொன்னார். மழை மானியும் பார்க்க வேண்டும், வீதியும் பார்க்க வேண்டும். இரண்டில் ஒன்றை மட்டும் பார்த்தால் பிழை. அந்தக் காலத்துக் கந்தோர் வீதியை மட்டும் பார்த்தது, நான் வானத்தை மட்டும் பார்த்தேன். இதைக் கந்தோருக்கு நியாயம் சொல்வதாக நீ எடுத்துக்கொள்ளாதே. அவர்கள் கேட்காமல் எழுதினார்கள். அந்தக் கோபம் எனக்குத் தீரவில்லை, தீராது.

கொழும்புக்காரர்கள் படத்தைப் பார்த்தார்கள். வைத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். எனக்குக் கடிதம் எதுவும் இல்லை. நானும் கேட்கவில்லை.

இன்னொன்று. போன செவ்வாய்க்கிழமை நான் கெலிஓயாவுக்கு வந்தேன். சந்தை முன்னால் பஸ் நின்றது. யாருக்கும் என்னைத் தெரியவில்லை. நான் வெட்டச் சொன்ன கையில் குடையைப் பிடித்துக்கொண்டு பின்பக்கத்து ஓடை வழியாகக் காளிமுத்துவின் வீட்டுக்குப் போனேன். மாட்டுக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் புல்லோடு அப்படியே நின்றான்.

"ஒன் மாடு செத்தது என் மாட்டால்தான். நவம்பர் இருபது" என்றேன்.

"இதத்தான நானா நான் அன்னிக்கே சொன்னேன்? அடிக்க வந்தீங்களே!"

"அன்னைக்கு நீ தேதி இல்லாமச் சொன்ன."

அவன் சிரித்துவிட்டான். "தேதியோட சொன்னா செத்த மாடு எந்திரிச்சு வருமா?" என்றான். அந்த மாடுகளுக்கு என்ன பெயர் வைத்திருந்தாய் என்று கேட்டேன். படத்தில் அவற்றை நான் இரண்டு சிவப்புப் புள்ளிகளாகத்தான் வைத்திருந்தேன். "பெரியவன், சாமந்தி" என்றான். சாமந்தியை அவன் பெண்சாதிதான் கன்றிலிருந்து வளர்த்தாளாம். அதைச் சொல்லும்போது அவன் வேறு பக்கம் பார்த்தான். நானும் வேறு பக்கம் பார்த்தேன். பிறகு தேத்தண்ணி கொடுத்தான். குடித்தேன். புதுச் சோடியை ஓடையில் விடாதே, தொட்டியில் தண்ணீர் காட்டு என்று சொல்லிவிட்டு வந்தேன்.

உன் வீட்டுக்கு வரவில்லை. வேலிக்கு இப்பால் நின்று உன் குரலைக் கேட்டேன். யாரையோ ஏசிக்கொண்டிருந்தாய். நல்ல பலமான குரல், இருமல் இல்லை.

ஏன் வரவில்லை என்று கேட்பாய். கடிதத்தில் எழுதிவிட்டு இதையே அழைப்பாக ஏற்றுக்கொள் என்றால் ஏற்றுக்கொள்வதற்கு நான் என்ன அயலூர்க்காரனா? தாய்மாமனை அழைக்கும் முறை என்று ஒன்று இருக்கிறது. பிள்ளையின் தாய் வெற்றிலையோடு நேரில் வந்து, வீட்டுக்குள் உட்கார்ந்து, என்னையும் உன் மதினியையும் பெயர் சொல்லி அழைக்க வேண்டும். நீ மடவளைக்கு வந்தும் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. நான் வரவில்லை என்பதற்காக நீயும் வராமல் இருந்தாயே, அது எந்த ஊர் நியாயம்?

வெள்ளிக்கிழமைக்குள் வா. றம்லத்தையும் கூட்டி வா. வண்டி பிடிக்காதே. இங்கே பத்தொன்பதாம் தேதியிலிருந்து நாலரை அங்குலம் பெய்திருக்கிறது. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் மாடு பூட்டிய எதையும் விட மாட்டார்கள். நேற்றுக் காலை நான் கந்தோருக்குப் போய்ச் சொல்லித்தான் அந்தத் தடையைப் போட்டார்கள். பஸ்ஸில் வா.

உன் நானா,
உதுமா லெப்பை